வலது கை போட்டது

அதிகாரி வாசல் மணியை அடித்தபோது அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அது அன்றைக்குத் தொடங்கியதில்லை, வாரக்கணக்கில் அப்படித்தான். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே சீப்பு, வாய் மட்டும் தனித்தனி. உப்பு டப்பா எங்கே என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காய் விட்டால் மறுநாள் மணி அடிப்பதற்குள் பழம் விட்டுவிடும். வளர்ந்தவர்கள் விடுகிற காய் அத்தனை சீக்கிரம் பழுப்பதில்லை.

சின்னவள்தான் கதவைத் திறந்தாள். முன்னால் நின்றவர் குடியேற்ற அலுவலகத்து அதிகாரி. நல்ல உயரம், நனைந்த மேலங்கி, கையில் ஒரு காகிதப் பை. பின்னால் நின்றவர் அலுவலகம் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர், டை கட்டிய தமிழர். அவரைச் சின்னவள் அன்றுதான் நேரில் பார்க்கிறாள். ஆனாலும் அவருக்குத் துபாஷி என்று மனசுக்குள் எப்போதோ பேர் வைத்துவிட்டாள், அவ்வளவு மரியாதையான பேர் இல்லை அது. இந்த வம்பெல்லாம் அவர் வாயிலிருந்துதான் புறப்பட்டது என்பது அவள் கணக்கு. பாதி வம்புதான் அவருடையது. மீதிப் பாதி யாருடையது என்றுதான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியவள் பழக் கொட்டகையில் வேலை பார்த்தவள். ஓடுகிற பட்டையில் உருண்டு வரும் ஆப்பிளையும் பேரிக்காயையும் பார்த்து, அடிபட்டதை ஒரு பக்கம், பிஞ்சை ஒரு பக்கம் என்று தள்ளிவிடுகிற வேலை. சின்னவளுக்குப் பூக்கடை. முள் சீவுவது, தண்டைச் சாய்வாக நறுக்கி வாளியில் நிறுத்துவது, வாடின வெளி இதழைக் கிள்ளிப்போட்டு முந்தாநாள் பூவை இன்றைய பூவாக்குவது. பகலெல்லாம் பழத்தோடும் பூவோடும் மாரடித்துவிட்டு வந்த இரண்டு பேரும் சாயங்காலம் உட்கார்ந்து அதையேதான் வரைந்தார்கள். அலுக்கவில்லையா என்று யாராவது கேட்டால், அங்கே அதைத் தொடத்தான் விடுகிறார்கள், பார்க்கவா விடுகிறார்கள் என்பாள் பெரியவள்.

வரைகிற முறைதான் விசேஷம். இரண்டு பேருக்கும் ஒரே கித்தான், ஒரே பெஞ்சு. பெரியவள் இடக்கைக்காரி, அதனால் பெஞ்சில் இடப்பக்கம் அவளுக்கு. சின்னவள் வலக்கைக்காரி, வலப்பக்கம் அவளுக்கு. முழங்கை முட்டாது. கித்தானின் இடப்பாதியில் அக்காவின் பழங்கள் திரளும், வலப்பாதியில் தங்கையின் பூக்கள் விரியும். நடுவில் கிடக்கிற மேஜை விரிப்பை யாருக்குக் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் போடுவார். முடிந்ததும் மூலையில் பெரியவளின் பெயர். முதல் படத்தை வாங்கிய ஓவியக்கூடத்துக்காரி கையெழுத்து எங்கே என்று கேட்டபோது சின்னவள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள், பெரியவள் போட்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது. சின்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் பழக் கொட்டகையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பெரியவள் இந்த நாட்டில் இருக்க அனுமதி அந்த வேலையை நம்பி, சின்னவளின் அனுமதி பெரியவளை நம்பி. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மொத்த மூட்டையும் சரியும். ஓவியக்கூடத்துக்காரிதான் வழி சொன்னாள். கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, இந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றாள். கையெழுத்து யாருடையதோ அவர்தானே விண்ணப்பிக்க முடியும். பெரியவள் விண்ணப்பித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

நேர்காணலுக்கு விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம். அங்கே இந்த அதிகாரி படங்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். மனுஷனுக்குக் கண் பொல்லாத கண். பழங்களில் பிரஷ் இடது மேலிருந்து வலது கீழே இறங்குகிறது, பூக்களில் வலது மேலிருந்து இடது கீழே இறங்குகிறது, ஏன் அப்படி என்று கேட்டார். துபாஷி அதைத் தமிழில் சொன்னார். பெரியவள் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "அதா? பூவெல்லாம் என் வலது கை போட்டது."

இந்தத் தமிழ் இருக்கிறதே, சமயத்தில் காலை வாரிவிடும். தங்கை போட்டாலும் 'போட்டது'தான், கை போட்டாலும் 'போட்டது'தான். 'போட்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் ஒரு பெண் இருந்திருப்பாள். பெரியவள் யாரிடம் தங்கையை அறிமுகப்படுத்தினாலும் இவதான் என் வலது கை என்றுதான் சொல்வாள், ஓவியக்கூடத்துக்காரிக்கே அப்படித்தான் சொல்லியிருந்தாள். துபாஷிக்கு அது எப்படித் தெரியும்? அவர் கையை மொழிபெயர்த்தார்.

பெரியவள் வீட்டுக்கு வந்து, அவர் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் தங்கையிடம் ஒப்பித்தாள். பிறகு அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. பூக்கடையில் வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி இந்த ஊர்ப் பேச்சு சின்னவளுக்கு வசப்பட்டிருந்தது. பெரியவளுக்கு இல்லை, எந்திரம் இரைகிற கொட்டகையில் யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது. ஃபோனை எடுத்தவள் சின்னவள். விண்ணப்பதாரர் இரண்டு கையாலும் வரைகிறவர் என்று சொல்லியிருக்கிறார், பழத்துக்கு இடது, பூவுக்கு வலது, அதை நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

அவள் பதறிப்போய் அக்காவிடம் சொன்னாள். அக்காவும் பதறுவாள், அடக் கடவுளே நான் உன்னைச் சொன்னேன் அவங்க என்னத்தைப் புரிஞ்சுக்கிட்டாங்க என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். பெரியவள் அடித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, போட்டுக் காட்டிட்டாப் போச்சு," என்றாள்.

"ஃபோன் பண்ணித் திருத்தச் சொல்லலாம்ல?"

"இப்பத் திருத்தினா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். விடு, பழகிக்கிறேன்."

அவ்வளவுதான். சின்னவளுக்குள் ஒரு கேள்வி முளைத்தது. அக்கா சொன்னது கையையா, என்னையா? அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. வீம்பு பாதி, பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம் பாதி. என் கையைத் தன் கை என்று சொல்லி வித்துவிட்டாளே என்று உள்ளுக்குள் குமுறிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். பெரியவளும் தானாக வந்து பேசுகிற ரகம் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், வீம்பு மட்டும் யாருக்குக் குறைச்சலாக இருக்கும்.

தினம் சாயங்காலம் பெரியவள் வலது கையில் பிரஷ் பிடித்துப் பூப் போட்டுப் பழகினாள். ஒற்றை வரிசை இதழ் வைத்த எளிய பூவாகப் பார்த்துப் போட்டாள். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் இதழ். சின்னவள் கட்டிலில் படுத்துக்கொண்டு அரைக் கண்ணால் பார்த்தாள். அதிகாரி கொண்டுவரப்போவது இந்தப் பூவாக இருக்காது, கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ரோஜா, அவரும் அதைத்தான் வாங்கி வருவார் என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போகட்டும், அவள் கைதானே, தானாக வரைந்துகொள்ளட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அக்கா தோற்றால் தானும்தான் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது கோபக்காரிக்கு அப்போது உறைக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

இப்போது அதிகாரி காகிதப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். இரண்டு பேரிக்காய், ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை, ஒரு எலுமிச்சம்பழம். அப்புறம் காகிதத்தில் சுற்றிய ரோஜா. மஞ்சள், அடுக்கடுக்கான இதழ், நன்றாக விரிந்த பூ. பெரியவள் முகம் வெளுத்ததைச் சின்னவள் பார்த்தாள்.

துபாஷி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனப்பாடம் பண்ணியதைச் சொன்னார். "அம்மா, விதி என்னன்னா, இந்த ரூம்ல பேசுற ஒவ்வொரு வார்த்தையும் நான் மொழிபெயர்ப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஏதாவது தவறுதலாச் சொல்லியிருந்தா திருத்திக்கலாம், அதுக்கு இடம் இருக்கு. தெரிஞ்சே தப்பாச் சொல்லியிருந்தா அத்தோட விண்ணப்பம் முடிஞ்சுது, மறுபடி போடவும் முடியாது. தங்கச்சி இருக்கலாம். உதவி மட்டும் பண்ணக்கூடாது."

பெரியவள் தலையாட்டினாள். சின்னவள் பாத்திரம் கழுவுகிற தொட்டியோரம் போய் நின்றாள். அதிகாரி இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். துபாஷிக்கு உட்கார இடமில்லாமல் கட்டிலின் விளிம்பில், போர்வை கசங்காமல், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார்.

பழங்கள் சுலபமாக வந்தன. பெரியவள் பேரிக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள், கொட்டகையில் பார்ப்பது போலவே, அடி எங்கே பட்டிருக்கிறது என்று. பழுத்தாலும் பேரில் காயாகவே இருக்கிற பழம் அது. காம்புக்குக் கீழே தவிட்டு நிறத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதைத்தான் முதலில் போட்டாள், பிறகு அதைச் சுற்றிப் பழத்தைப் போட்டாள். திராட்சைக்கு ஒரே கறுப்பு இல்லை, ஒவ்வொன்றுக்கும் மேலே படிந்திருக்கிற சாம்பலைப் பிரஷ்ஷின் பக்கத்தால் தொட்டும் தொடாமலும் வைத்தாள். ஆளி விதை எண்ணெய் வாசனை அறையை நிரப்பியது. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் சந்தேகம் போய், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் முகம் வந்தது. அக்காவின் கைவந்த கலை அது. அவள்மேல் இருக்கிற கோபத்தோடேயே சின்னவளுக்குப் பெருமையாக இருந்தது.

பெரியவள் பழத்தை முடித்தாள். முடித்த பிறகும் எலுமிச்சம்பழத்தைத் தேவையில்லாமல் இன்னொரு முறை தொட்டாள். திராட்சைக்கு இன்னொரு பொட்டு. நேரத்தை ஓட்டுகிறாள் என்று சின்னவளுக்குப் புரிந்தது. கித்தானின் வலப்பாதி வெள்ளையாகக் கிடந்தது. பழக்கதோஷத்தால் பெஞ்சின் இடப்பக்கத்து ஓரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. அதிகாரியின் பொல்லாத கண் அந்தக் காலியிடத்தின்மேல் ஒருமுறை போய்விட்டு வந்தது.

பெரியவள் பிரஷ்ஷை வலது கைக்கு மாற்றினாள்.

அவள் வெளி இதழிலிருந்து தொடங்கினாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரோஜாவை யாராவது வெளியிலிருந்து தொடங்குவார்களா? நடுக் குழியில் இருக்கிற இருட்டைத்தான் முதலில் வைக்க வேண்டும், அந்த இருட்டிலிருந்து ஒவ்வொரு இதழாகத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து உள்ளே போனால் மூடித்தான் போகும், திறக்காது. இரண்டாவது இதழ் முதல் இதழின்மேல் வழிந்தது. மூன்றாவது மஞ்சள் பச்சையோடு கலந்து சேறானது. சின்னவளின் வலது கை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது, விரல்கள் தாமாகச் சுழன்றன. கித்தானில் முட்டைக்கோஸ் ஒன்று விளைந்துகொண்டிருந்தது.

பெரியவள் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி முட்டைக்கோஸ். ஒரு கணம் பிரஷ் தன்னையறியாமல் இடது கைக்கு ஓடியது, சட்டென்று நினைவு வந்து திரும்பிக்கொண்டது. கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, இங்கே கைதான் களவு. துபாஷி கூரையைப் பார்த்தார்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். பக்கத்தில் குனிந்து துபாஷியிடம் அவர்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார். இந்த அம்மாளைச் சங்கடப்படுத்த வேண்டாம், பார்த்தது போதும், நிறுத்தச் சொல்லுங்கள். கேட்காத குரலில்தான் சொன்னார். பூக்கடைக்காரிக்குக் கேட்டது.

நிறுத்தினால் முடிந்தது. கொட்டகை மூடினதும் அக்காவுக்கு இடமில்லை, அக்காவுக்கு இல்லாத இடம் அவளுக்கும் இல்லை. துபாஷி வாயைத் திறப்பதற்குள் சின்னவளின் கால்கள் நடந்துவிட்டன. அவள் யோசித்து நடந்தாள் என்று சொன்னால் அது அளப்பு. பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தாள்.

"நகரு," என்றாள் அக்காவிடம். இத்தனை வாரத்துக்கு அப்புறம் அதுதான் முதல் வார்த்தை.

துபாஷி அதையும் கடமையாக மொழிபெயர்த்தார். அதிகாரி எழுந்துவிட்டார். உதவி செய்யக்கூடாது என்று சொன்னோமே என்றார். சின்னவள் அவர் மொழியிலேயே, பூ விற்கிற வாயால், நான் உதவி செய்ய வரவில்லை, போன தடவை ஒரு வார்த்தை தப்பாகப் போய்விட்டது, அதைச் சொல்ல வந்தேன் என்றாள். அதிகாரி புருவத்தை உயர்த்தினார். உங்களுக்கு எங்கள் பேச்சு தெரியுமா? நல்லது. ஆனால் விண்ணப்பதாரருக்கும் புரிய வேண்டும், சொல்வதை உங்கள் மொழியில் சொல்லுங்கள், இவர் மொழிபெயர்க்கட்டும் என்று உட்கார்ந்தார்.

சின்னவள் துபாஷியின் பக்கம் திரும்பினாள். "சார், அன்னிக்கு எங்க அக்கா, பூவெல்லாம் என் வலது கை போட்டதுன்னு சொன்னாங்க. நீங்க அதக் கையின்னு சொல்லிட்டீங்க."

துபாஷி டையைத் தளர்த்திக்கொண்டார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. நான் தப்புப் பண்ணினேன் என்று அவரே அவர் வாயால் அதிகாரியிடம் மொழிபெயர்க்க வேண்டும். அதைவிடச் சங்கடம் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு வேறென்ன வரும்? "வலது கைன்னா வலது கைதானேம்மா," என்றார் மெதுவாக.

"எங்க வீட்டுல வலது கைன்னா நான்."

"அது உங்க அக்கா சொல்லணும். நீங்க சொன்னாச் செல்லாது."

அவர் சொன்னது நியாயம். இவ்வளவு நாள் கேட்காமல் ஒளித்து வைத்த கேள்வி, இப்போது இரண்டு அந்நியர்களை வைத்துக்கொண்டு கேட்கவேண்டியதாகிவிட்டது. அக்கா 'கை' என்று சொல்லிவிட்டால் தன் நெஞ்சும் போச்சு, விண்ணப்பமும் போச்சு.

"அக்கா. நீ சொன்னது கையையா, என்னையா?"

பெரியவள் தங்கையைப் பார்க்கவில்லை. முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னப்ப உன்னைத்தான் சொன்னேன்," என்றாள். "வேற யாரைச் சொல்வேன். உன்னைக் கேக்காமப் பூவுல ஒரு காம்பு போட்டிருக்கேனா நான்." வலது கையைத் தூக்கி, புறங்கையையும் உள்ளங்கையையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். "ஆனா அவரு அப்பவே என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவங்க கையின்னு நெனச்சுட்டாங்கன்னு எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சுடி. ரெண்டு பேருன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லன்னுடுவாங்களோன்னு பயந்து போயிட்டேன். கையாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

தெரிஞ்சே. அந்த வார்த்தை அறையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவளுக்கு அதன் விலை தெரியாமல் இல்லை, விதியைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தங்கை கேட்டதற்குப் பாதி பதில் சொல்ல அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். என்னைத்தான் சொன்னாள் என்கிற நிம்மதியும், அட மடச்சி இங்கே வைத்தா அதைச் சொல்வாய் என்கிற பதைப்பும் சின்னவளுக்கு ஒன்றாகவே வந்தன.

அதிகாரி துபாஷியைப் பார்த்தார்.

துபாஷி கட்டிலிலிருந்து எழுந்தார். எங்கள் மொழியில், என்று தொடங்கினார், ஒருவர் மிகவும் நம்பியிருக்கிற ஆளை வலது கை என்று சொல்வதுண்டு. இந்த அம்மாள் தங்கையைச் சொல்லியிருக்கிறார். வினைச்சொல்லில் ஆள் இருக்கிறதா கை இருக்கிறதா என்று தெரியாத ஒரு அமைப்பு எங்களிடம் இருக்கிறது, அதை நான் கையாக எடுத்துக்கொண்டேன். அது என் தவறு, அவருடையது இல்லை. பூக்கள் அன்றும் இன்றும் தங்கையுடையவை. தங்கையைக் கேட்காமல் ஒரு காம்புகூடப் போட்டதில்லை என்கிறார்.

அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சின்னவள் காத்திருந்தாள். மீதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்றவர் இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து மாட்டும்போது ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தார். அவளுக்கு அந்த மொழி தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இனி அவர் குடுமி அவள் கையில்.

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். பெரியவள் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டியதை அவரும் பார்த்திருந்தார், அதற்கான வார்த்தை மொழிபெயர்ப்பில் வரவில்லை என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். துபாஷியைக் கேட்காமல் நேராகச் சின்னவளிடம் திரும்பி, அவர் மொழியில் கேட்டார். உங்கள் அக்கா சொன்னது அவ்வளவுதானா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

பெரியவளுக்குக் கேள்வி புரியவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். துபாஷி மொழிபெயர்க்கவில்லை, அவர் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

சின்னவள் வாரக்கணக்காக ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் தள்ளி வைத்திருந்தாள். திருத்தியிருக்கலாம்ல. தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் வாயைத் திறக்க வேண்டியதுதானே, அதற்கு என்ன கஷ்டம் என்று. எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிந்தது. திருத்தினால் நேர்மைக்காரி, அக்காவோடு பெட்டி கட்டுகிற நேர்மைக்காரி. இந்தத் துபாஷி தன் தொழிலை அடகு வைத்து அவர்களுக்குக் கொடுத்ததை அவர் முகத்திலேயே வீசி எறிகிற நேர்மைக்காரி.

"அவ்வளவுதான்," என்றாள் அவர் மொழியில். "வேறு ஒன்றும் சொல்லவில்லை."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு கித்தானின் பக்கம் கையைக் காட்டினார். அப்படியானால் போடுங்கள்.

சின்னவள் கத்தியால் முட்டைக்கோஸைச் சுரண்டி எடுத்தாள். அக்காவின் விரலிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள், அது ஈரமாக இருந்தது. நடுக் குழியின் இருட்டை வைத்தாள். அவள் கைக்குத் தெரிந்த வேலை அது. அந்த இருட்டிலிருந்து முதல் இதழ் புரண்டு வந்தது, அதற்குள்ளிருந்து அடுத்தது. வலது மேலிருந்து இடது கீழே, வலது மேலிருந்து இடது கீழே. அதிகாரி எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். பெரியவள் வேறொரு பிரஷ்ஷை எடுத்து, வழக்கம் போல நடுவில் மேஜை விரிப்பின் மடிப்புகளை இடது கையால் போடத் தொடங்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. முழங்கை முட்டவில்லை.

போகும்போது அதிகாரி வாசலில் நின்று சொன்னார், துபாஷி மொழிபெயர்த்தார். "விண்ணப்பத்துல இவங்க பேரையும் சேத்துக்கலாமாம். ரெண்டு பேர் சேந்து வேலை செய்யறதுக்கும் இதே பிரிவுல இடம் இருக்காம். முதல் நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்னு சொல்றாரு. தன் பரிந்துரை நல்லபடியாத்தான் இருக்கும்னும் சொல்றாரு." இதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. அதிகாரி பேரிக்காய்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. துபாஷி படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை, சின்னவளும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் எதற்கு நன்றி என்று ஆகிவிடும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது பெரியவள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சேதான் விட்டேன்னு சொல்லியும் எப்படி விட்டாங்க?" என்றாள். "நல்ல மனுஷன்தான் போல."

சின்னவள் பிரஷ்களைத் தொட்டியில் போட்டாள்.

"கடைசில உன்கிட்ட நேரா என்னவோ கேட்டாரே, என்னது?"

"நீ சொன்னது அவ்வளவுதானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவ்வளவுதான்னேன்."

பெரியவள் புரியாமல் பார்த்தாள். மெல்ல மெல்லப் புரிந்தது. "அப்ப ரெண்டாவது சொன்னத..."

"அவர் சொல்லல. நானும் சொல்லல."

குழாயைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீர் ஓடியது. பெரியவள் எழுந்து தொட்டியோரம் வந்து நின்றாள். அப்புறம் திட்டுவது போலவும் இல்லாமல், ஆறுதல் சொல்வது போலவும் இல்லாமல் கேட்டாள். "நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க அடுத்த வேலைக்குப் போயிட்டாங்கல்ல? எனக்கும் அங்க அப்படித்தாண்டி ஆச்சு."

சின்னவளுக்கு எனக்கு அப்படி ஆகவில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதிகாரி பொறுமையாகத்தான் நின்றார், அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. அக்காவைத் திட்டுவதற்கென்று இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட இனி உதவாது. அவள் பிரஷ்ஷை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டே நின்றாள்.